எந்தப் பக்கத்தைத் திறக்கிறது உங்கள் பட்டன்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே பாதையில்தான் போகிறார்கள். முதல் மாதம் பாட்டு, படம், விளையாட்டு. அடுத்து வேர்டில் ஒரு கடிதம். அதன் பிறகு எக்ஸெல்லில் வீட்டுச் செலவுக் கணக்கு. கடையோ டியூஷன் சென்டரோ சிறு தொழிலோ வைத்திருப்பவர் என்றால், சில மாதங்களில் அக்செஸ் பக்கம் எட்டிப் பார்ப்பார். எக்ஸெல் ஷீட் நீளமாகிக்கொண்டே போகும். ஒரு பெயரைத் தேடினால் பத்து இடத்தில் கிடைக்கும். "இதற்கு டேட்டாபேஸ் வேண்டும் சார்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

அப்படி அக்செஸ் கற்றுக்கொண்டு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். "உங்கள் ஃபார்மில் ஒரு வாடிக்கையாளர் தெரிகிறார். அவருடைய கணக்கை மட்டும் இன்னொரு ஃபார்மில் திறந்து காட்டுங்கள் பார்க்கலாம்." பெரும்பாலும் விழிப்பார்கள். டேபிள் போடத் தெரியும். குவெரி தெரியும். விஸார்ட் வைத்து ஃபார்ம் அமைக்கத் தெரியும். ரிப்போர்ட் எடுத்து அச்சிடவும் தெரியும். பயிற்சி மையங்களில் இந்த நான்கையும் நடத்திச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். நான்கையும் ஒன்றாகக் கட்டிப்போடும் இந்த வேலை மட்டும் பாடத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. என்னைக் கேட்டால், இதைச் சொல்லித் தராத அக்செஸ் பாடம், கியர் மாற்றச் சொல்லித் தராத டிரைவிங் வகுப்பு மாதிரிதான்.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. பட்டன் வைக்கத் தெரியும். அந்தப் பட்டன் எந்த ரிகார்டைத் திறக்கிறது என்று சோதித்துப் பார்க்கத் தோன்றாது. அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். அதனால் ஒரு பெரியவர் கடை வாசலில் நான்கு பேர் நடுவே தலைகுனிய நேர்ந்தது. அந்தக் கதைக்கு வருவதற்கு முன், இந்த வேலை உண்மையில் என்ன என்று பார்த்துவிடுவோம்.

உங்கள் வீட்டில் பழைய கணக்கு நோட்டுகள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அன்றாடம் நடப்பதைத் தேதிவாரியாக எழுதுவது குறிப்பேடு. ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுவது பேரேடு. குறிப்பேட்டில் விவரத்துக்கும் தொகைக்கும் நடுவே ஒரு குறுகலான கட்டம் இருக்கும். அதன் தலைப்பில் 'பே.ப.' என்று போட்டிருப்பார்கள். பேரேட்டுப் பக்க எண் என்று பொருள். பள்ளியில் வணிகவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கணக்குப்பிள்ளை பெயரைத் தேடிக்கொண்டு பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார். அந்தக் கட்டத்தில் 41 என்று இருந்தால் நேராக 41ஆம் பக்கத்தைத் திறப்பார். அந்தப் பக்கத்தில் அந்த ஆளின் கணக்கு மட்டுமே இருக்கும்.

அக்செஸில் ஒரு ஃபார்மிலிருந்து இன்னொரு ஃபார்மில் தொடர்புடைய ரிகார்டைத் திறப்பது என்பது இதே வேலைதான். பே.ப. எண்ணுக்குப் பதில் ஒரு ஃபீல்ட். பேரேட்டைப் புரட்டும் விரலுக்குப் பதில் ஒரு பட்டன்.

இந்த யோசனையைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தவர் எட்கர் காட். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1970ல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் 'ரிலேஷனல் டேட்டாபேஸ்' என்ற வகையே பிறந்தது. அதற்கு முந்தைய டேட்டாபேஸ்களில், ஒரு ரிகார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் உள்ளே போட்டுவைத்த பாதை வழியாகத்தான் போக வேண்டும். பாதை தெரிந்த புரோகிராமரால்தான் அது முடியும். காட் சொன்னது எளிமையானது: இரண்டு டேபிள்களிலும் ஒரே மதிப்பு இருந்தால் போதும், அதுவே தொடர்பு. 1992ல் மைக்ரோசாப்ட் அக்செஸை வெளியிட்டபோது, இந்த வசதி புரோகிராமர் அல்லாதவர்களின் மேஜைக்கும் வந்து சேர்ந்தது.

இனி அந்தக் கதை.

என் மைத்துனர் ஒரு சிறிய ஊரில் பெயின்ட், ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறார். அவருடைய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் மேஸ்திரிகள், பிளம்பர்கள், எலெக்ட்ரீஷியன்கள். வாரம் முழுக்கச் சரக்கு எடுப்பார்கள். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் கொடுப்பார்கள். நோட்டில் எழுதிய பற்று வரவை யாரோ ஒருவர் எக்ஸெல்லில் ஏற்றிக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு வரியிலும் பெயர், ஊர், போன் நம்பர், தேதி, சரக்கு, தொகை. ஒருவர் போன் நம்பரை மாற்றினால் அவருடைய அறுபது வரிகளிலும் மாற்ற வேண்டும். யாரும் மாற்றவில்லை. "மாமா, இதை அக்செஸ்ல போட்டுக் குடுங்களேன்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

இரண்டு டேபிள்கள் அமைத்தேன். ஒன்று வாடிக்கையாளர் டேபிள்: ஆளுக்கு ஒரு வரி. இன்னொன்று கணக்கு டேபிள்: ஒவ்வொரு பற்றுக்கும் ஒவ்வொரு வரவுக்கும் ஒரு வரி. அதுவரை சரி. இரண்டுக்கும் தனித்தனி ஃபார்ம். வாடிக்கையாளர் ஃபார்மில் 'கணக்கு' என்று ஒரு பட்டன். அதை அழுத்தினால் கணக்கு ஃபார்ம் திறக்கும். கீழே பாக்கித் தொகையும் தெரியும். எக்ஸெல்லிலிருந்து இறக்குமதி செய்த வரிகளில் எண் எதுவும் கிடையாது, பெயர்தான் இருந்தது. ஆகவே இரண்டு டேபிள்களையும் பெயரை வைத்தே பொருத்தினேன். 'பிறகு எண் போட்டுக்கொள்ளலாம்' என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் 'பிறகு' என்று தள்ளிவைத்த வேலை எப்போதுமே நடப்பதில்லை.

நம் ஊர்களில் தெருவுக்கு நான்கு பேர் வைத்திருக்கும் பெயர் ஒன்று. அந்தப் பெயரில் கடைக்கு இரண்டு வாடிக்கையாளர்கள். ஒருவர் வயதான மேஸ்திரி. இன்னொருவர் இளைஞர், எலெக்ட்ரீஷியன். மேஸ்திரியின் ரிகார்டில் நின்று பட்டனை அழுத்தினால் இரண்டு பேருடைய வரிகளும் தேதி வரிசையில் கலந்து வந்தன. பாக்கித் தொகையும் இரண்டு பேருடையதையும் சேர்த்தே வந்தது. அக்செஸ் மேல் பிழை இல்லை. 'இந்தப் பெயர் உள்ள வரிகளைக் காட்டு' என்றோம், காட்டியது.

ஒரு சனிக்கிழமை மாலை, கடையில் கூட்டம். மேஸ்திரி தன் பாக்கியைக் கொடுக்க வந்தார். கடைப் பையன் மானிட்டரைப் பார்த்து, சத்தமாக, அவர் கொண்டு வந்ததைப் போல மூன்று மடங்கு தொகையைச் சொன்னான். "தம்பி, போன வாரமே குடுத்துட்டேனே" என்று அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். என் மைத்துனர் மானிட்டரைத் திருப்பிக் காட்டினார். "கம்ப்யூட்டர்ல இவ்வளவு காட்டுதே மேஸ்திரி." பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த ஒருவரிடம் கைமாற்று வாங்கி, கேட்ட பணத்தைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

மாதக் கடைசியில் எலெக்ட்ரீஷியன் வந்து தன் கணக்கைக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் கணக்கில் செங்கல் கரண்டியும் தூக்குக் குண்டும் இருந்தன!

அந்தக் கரண்டி மட்டும் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை மாதம் அப்படியே ஓடியிருக்குமோ தெரியாது.

இதனால்தான் சொல்கிறேன். தொடர்பு ஃபீல்டாகப் பெயரை ஒருபோதும் வைக்காதீர்கள். நமக்கு இது மற்றவர்களைவிட அதிகம் பொருந்தும். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மில் பெரும்பாலோரிடம் இல்லை, இனிஷியல்தான். அந்த இனிஷியலையும் ஒருவர் முன்னால் போடுவார், ஒருவர் பின்னால் போடுவார், ஒருவர் விட்டே விடுவார். எஸ். முருகன், முருகன் எஸ்., முருகன் மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம், ஒரே 'எஸ். முருகன்' மூன்று ஆட்களாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் டைப் செய்தால் இன்னும் வேடிக்கை: லட்சுமியை எத்தனை ஸ்பெல்லிங்கில் எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். போன் நம்பரும் வேண்டாம். இன்று உள்ள நம்பர் அடுத்த வருடம் வேறொருவரிடம் இருக்கலாம்.

வாடிக்கையாளர் டேபிளில் ஒரு ஃபீல்ட் சேர்த்து, அதன் டேட்டா டைப்பை 'ஆட்டோநம்பர்' என்று அமைத்திடவும். அதையே பிரைமரி கீ ஆக்கிடவும். அக்செஸ் தானே எண் கொடுத்துக்கொள்ளும். ஒரு முறை கொடுத்ததை மாற்ற விடாது. இந்த ஃபீல்டுக்கு 'கஸ்டமர்ஐடி' என்று பெயர் வைத்துக்கொள்வோம். கணக்கு டேபிளிலும் அதே பெயரில் ஒரு ஃபீல்ட் வேண்டும். ஆனால் அங்கே அது ஆட்டோநம்பர் அல்ல. 'நம்பர்' வகை, அளவு 'லாங் இன்டிஜர்'. புதியவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான். இரண்டு பக்கமும் ஆட்டோநம்பர் வைத்துவிட்டு, ஏன் ஒட்டவில்லை என்று கேட்பார்கள். ஃபீல்டின் பெயர்களை ஆங்கில எழுத்தில், நடுவே இடைவெளி விடாமல் வைப்பது நல்லது. பின்னால் எக்ஸ்பிரஷன் எழுதும்போது தலைவலி மிச்சம்.

அடுத்து ரிலேஷன்ஷிப்ஸ் விண்டோவைத் திறந்து, ஒரு டேபிளின் கஸ்டமர்ஐடியை இழுத்து மற்றதன் கஸ்டமர்ஐடி மேல் விடவும். கிடைக்கும் கட்டத்தில் 'என்ஃபோர்ஸ் ரெஃபரன்ஷியல் இன்டெக்ரிட்டி' என்பதில் டிக் செய்திடவும். பெயர் பயமுறுத்தினாலும் பொருள் எளிது: வாடிக்கையாளர் டேபிளில் இல்லாத எண்ணைக் கணக்கு டேபிளில் எழுத விடாதே என்று சொல்கிறோம். இதிலும் ஒரு ஓட்டை உண்டு. எண்ணே எழுதாமல் காலியாக விட்டால் அதை இந்த விதி தடுக்காது. அதற்குக் கணக்கு டேபிளின் டிசைனில் கஸ்டமர்ஐடி ஃபீல்டைத் தேர்ந்தெடுத்து, கீழே 'ரிக்வயர்ட்' என்ற இடத்தில் 'எஸ்' என்று அமைக்க வேண்டும். இந்த ஒரு சொல்லைப் போடாததால் நான் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது பட்டன். வாடிக்கையாளர் ஃபார்மை டிசைன் வியூவில் திறந்திடவும். கன்ட்ரோல்கள் உள்ள பகுதியில் 'யூஸ் கன்ட்ரோல் விஸார்ட்ஸ்' தேர்வாகி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பட்டன் ஐகானைக் கிளிக் செய்து, ஃபார்மில் வேண்டிய இடத்தில் கிளிக் செய்திடவும். விஸார்ட் எழுந்து வரும். இடப்பக்கப் பட்டியலில் 'ஃபார்ம் ஆபரேஷன்ஸ்', வலப்பக்கத்தில் 'ஓப்பன் ஃபார்ம்'. நெக்ஸ்ட் அழுத்தி, திறக்க வேண்டிய கணக்கு ஃபார்மைத் தேர்ந்தெடுக்கவும்.

அடுத்த திரையில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு வாய்ப்புகள் தரப்படும். ஒன்று, ஃபார்மைத் திறந்து குறிப்பிட்ட டேட்டாவைத் தேடிக் காட்டு என்பது. மற்றது, ஃபார்மைத் திறந்து எல்லா ரிகார்டுகளையும் காட்டு என்பது. முதலாவதுதான் நமக்கு வேண்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் எந்த வாடிக்கையாளரிடம் நின்று அழுத்தினாலும் கணக்கு டேபிளின் முதல் வரியில் போய் நிற்கும். பார்க்க ஃபார்ம் ஒரே மாதிரிதான் இருக்கும். அவசரத்தில் இருப்பவர் அதை இவருடைய கணக்கு என்றே நினைத்துக்கொள்வார்.

முதல் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் அழுத்தினால், இரண்டு ஃபார்ம்களின் ஃபீல்டுகளும் இரண்டு பட்டியல்களாக வரும். இரண்டிலும் கஸ்டமர்ஐடியைத் தேர்ந்தெடுத்து, நடுவே இரு பக்கமும் அம்பு உள்ள சிறிய பட்டனைக் கிளிக் செய்திடவும். நான் அன்று பெயரைத் தேர்ந்தெடுத்தது இந்தத் திரையில்தான். பிறகு பட்டன் மேல் வரவேண்டிய சொல்லைக் கொடுத்து, ஃபினிஷ். அவ்வளவுதான். அக்செஸ் 2003 வரை விஸார்ட் இதற்கு விஷுவல் பேசிக்கில் சில வரிகள் எழுதிவைக்கும். 2007லிருந்து, புதிய ஃபைல் வடிவத்தில் அமைத்த டேட்டாபேஸ் என்றால், மேக்ரோவாக எழுதி பட்டனுக்குள்ளேயே வைத்துவிடுகிறது. இரண்டிலும் சாரம் ஒன்றே: ஓப்பன்ஃபார்ம் என்ற கட்டளை, அதோடு 'வேர் கண்டிஷன்' என்ற நிபந்தனை.

முடித்த உடனே கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு பொய் வாடிக்கையாளர்களை உண்டாக்கி, ஆளுக்கு இரண்டு வரி கணக்கு எழுதி, பட்டனை அழுத்திப் பாருங்கள். இந்த ஐந்து நிமிடச் சோதனையை நான் அந்த ஞாயிற்றுக்கிழமை செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. கணக்கு ஃபார்மின் தலையில் வாடிக்கையாளரின் எண், பெயர், ஊர், தொழில் நான்கும் பெரிய எழுத்தில் தெரியும்படியும் அமையுங்கள். பையன் தொகையைச் சொல்வதற்கு முன் 'மேஸ்திரி' என்ற சொல் கண்ணில் பட வேண்டும்.

எண் போட்ட பிறகும் விஸார்ட் செய்து தருவது பாதி வேலைதான். இதைப் பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை. எனக்கு அதில் கோபமே உண்டு. இரண்டாவது முறை எல்லாவற்றையும் எண்ணால் கட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். பத்து நாளில் போன் வந்தது. "மாமா, நேத்து எழுதின பற்று எதையுமே காணோம்."

நடந்தது இது. பட்டன் கணக்கு ஃபார்மைத் திறக்கும்போது செய்வது வடிகட்டுவது மட்டுமே. 17ஆம் எண்காரரின் வரிகளை மட்டும் காட்டு என்கிறது. அதே ஃபார்மில் நீங்கள் புதிய வரி எழுதினால், அதில் 17 என்று தானாக நிரப்பாது. வடிகட்டுவது வேறு, நிரப்புவது வேறு. என் ஃபார்மில் கஸ்டமர்ஐடி கட்டத்தை 'அழகுக்காக' மறைத்து வைத்திருந்தேன். அதனால் பையன் எழுதிய 30க்கும் மேற்பட்ட வரிகள் எண் இல்லாமல் டேபிளில் போய் உட்கார்ந்திருந்தன. டேபிளில் இருக்கின்றன, யாருடைய பட்டனை அழுத்தினாலும் வரவில்லை. பில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உரியவரிடம் சேர்க்க ஒரு நாள் ஆயிற்று. ரிக்வயர்ட் 'எஸ்' என்று இருந்திருந்தால் முதல் வரியிலேயே அக்செஸ் தடுத்திருக்கும்.

இதற்கு வழி எளிது. கணக்கு ஃபார்மில் கஸ்டமர்ஐடி டெக்ஸ்ட் பாக்ஸின் பிராப்பர்ட்டி ஷீட்டில், டேட்டா டேபில் 'டீஃபால்ட் வேல்யூ' என்று இருக்கும். அங்கே சமக்குறி போட்டு, சதுர அடைப்பில் ஃபார்ம்ஸ், ஆச்சரியக்குறி, சதுர அடைப்பில் முதல் ஃபார்மின் பெயர், மீண்டும் ஆச்சரியக்குறி, சதுர அடைப்பில் கஸ்டமர்ஐடி என்று ஆங்கிலத்தில் டைப் செய்திடவும். 'திறந்திருக்கும் வாடிக்கையாளர் ஃபார்மில் என்ன எண் உள்ளதோ அதையே புதிய வரிக்கும் எடுத்துக்கொள்' என்று அர்த்தம். வாடிக்கையாளர் ஃபார்ம் பின்னால் திறந்தே இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

அக்செஸோடு வந்த நார்த்விண்ட் என்ற மாதிரி டேட்டாபேஸைப் பழைய பதிப்புகளில் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். அதில் சப்ளையர்கள் ஃபார்மில் இரண்டு பட்டன்கள் இருக்கும். ஒன்று அந்த சப்ளையரின் பொருட்களைப் பார்க்க. இன்னொன்று அவருக்குப் புதிய பொருளைச் சேர்க்க. அதைப் பலமுறை பார்த்தும், ஏன் இரண்டு என்று எனக்கு உறைக்கவில்லை. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் வழி வேறு. கடையிலும் இப்போது அப்படியே இரண்டு பட்டன்கள் வைத்துவிட்டேன். 'கணக்கு பார்க்க' என்பது வடிகட்டித் திறக்கும். அதில் எழுத முடியாது. 'புதிய பற்று வரவு' என்பது காலி வரியோடு திறக்கும். எண் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மேக்ரோவில் ஓப்பன்ஃபார்ம் கட்டளைக்கு 'டேட்டா மோட்' என்று ஒரு இடம் உண்டு. முதலாவதுக்கு 'ரீட் ஒன்லி', இரண்டாவதுக்கு 'ஆட்'. வேறொன்றும் இல்லை.

இன்னும் இரண்டு இடறல்கள் உண்டு. புதிய வாடிக்கையாளரின் பெயரை எழுதிய கையோடு, ரிகார்ட் சேவ் ஆவதற்கு முன்பே பட்டனை அழுத்துவார்கள். இடது ஓரத்தில் பென்சில் படம் தெரிகிறது என்றால் இன்னும் சேவ் ஆகவில்லை. அந்த ஆள் டேபிளில் இல்லாதபோது அவர் பெயரில் கணக்கு எழுத அக்செஸ் விடாது. தொடர்புடைய ரிகார்ட் தேவை என்று முரண்டு பிடிக்கும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு என்டர் தட்டினால் ரிகார்ட் சேவ் ஆகிவிடும். கையால் செய்ய மறந்துவிடும் என்றால், 2010 முதலான பதிப்புகளில் பட்டனின் மேக்ரோவில் ஓப்பன்ஃபார்ம் வரிக்கு மேலே 'சேவ்ரிகார்ட்' என்ற வரியைச் சேர்த்துவிடலாம். ஒன்றும் எழுதாத காலி ரிகார்டில் நின்று அழுத்தினால் 'சின்டாக்ஸ் எரர்' என்று ஏதோ வரும். எண் இல்லாமல் எதைத் தேடுவது என்று அது கேட்கிறது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

'ஃபில்டர்ட்' என்ற சொல்லுக்கும் பயப்படாதீர்கள். வடிகட்டித் திறந்த ஃபார்மின் அடிப்பகுதியில், ரிகார்ட் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அது தெரியும். 'இரண்டாயிரம் வரி இருந்தது, இப்போது ஏழுதான் இருக்கிறது' என்று பதறிப்போய், பேக்கப்பிலிருந்து பழைய ஃபைலை எடுத்துப் போட்டு ஒரு வார வேலையை அழித்துக்கொண்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஃபில்டரை நீக்கினால் எல்லாம் திரும்பி வரும்.

விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். சப்ஃபார்ம் வைத்தால் போதுமே, எதற்கு இரண்டாவது ஃபார்ம்? நியாயமான கேள்வி. ஒரு ஃபார்முக்குள் இன்னொன்றைச் சப்ஃபார்மாக வைத்து, மாஸ்டர் ஃபீல்ட், சைல்டு ஃபீல்ட் இரண்டையும் பொருத்தினால் வடிகட்டுவதும் நிரப்புவதும் தானாகவே நடக்கும். நான் சொன்ன தொல்லைகளில் பாதி வராது. வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறவர், அல்லது முதல் முறை டேட்டாபேஸ் அமைக்கிறவர் என்றால் சப்ஃபார்மில் ஆரம்பிப்பதே நல்லது என்பேன். ஆனால் கடையில் மானிட்டர் கல்லா மேஜையில் இருக்கிறது. எதிரே நிற்பவர் கண்ணில் படுகிறது. வாடிக்கையாளர் பட்டியலில் அடுத்தடுத்த ஆளாக நகரும்போதெல்லாம் ஒவ்வொருவரின் கடனும் கூடவே திரையில் ஓட வேண்டாம். கேட்டவருடைய கணக்கு, கேட்டபோது மட்டும் திறக்க வேண்டும். பேரேட்டை யாரும் கல்லா மேல் விரித்து வைப்பதில்லை அல்லவா?

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்' என்ற பெயரில் வந்த ஆபீஸ் தொகுப்புகளில் அக்செஸ் இருந்ததில்லை. மேக் கம்ப்யூட்டருக்கும் அக்செஸ் கிடையாது. விசாரித்துவிட்டு வாங்கவும். காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் லிப்ரெஆபீஸில் பேஸ் என்ற டேட்டாபேஸ் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் ஃபார்ம் விஸார்டில் சப்ஃபார்ம் அமைக்கும் வசதி உண்டு. ஆனால் ஒரு ஃபார்மிலிருந்து பட்டன் மூலம் மற்றொரு ஃபார்மில் குறிப்பிட்ட ரிகார்டைத் திறக்க மேக்ரோ எழுதித்தான் ஆக வேண்டும். புதியவர்களுக்கு அது கொஞ்சம் கரடுமுரடான வழி. பேஸ் வைத்திருப்பவர்கள் சப்ஃபார்மோடு நிறுத்திக்கொள்வது மேல்.

மேஸ்திரி விஷயத்துக்கு வருகிறேன். கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது அவர் நோட்டில் இருந்ததே சரி என்று தெரிந்தது. கூடுதலாக வாங்கிய பணத்தை எடுத்துக்கொண்டு, நானும் மைத்துனரும் அவர் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்கே போனோம். தவறு என்னுடையது என்று சொன்னேன். சாரத்திலிருந்து இறங்கி வந்து, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். "அது கெடக்கட்டும் தம்பி, எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். இரண்டு வாரம் கழித்துத்தான் கடைக்கு வந்தார்.

வந்த அன்று கூட்டம் இருந்தது. என் மைத்துனர் எழுந்து நின்று, வேண்டுமென்றே எல்லோருக்கும் கேட்கும்படி, "மேஸ்திரி, போன தடவை எங்க கணக்குதான் தப்பு" என்றார். பிறகு அவருடைய சின்ன நோட்டை வாங்கி, முதல் பக்கத்தில் 17 என்று எழுதிக் கொடுத்தார். இப்போது அந்தக் கடையில் எல்லா வாடிக்கையாளர்களின் நோட்டிலும் அப்படி ஒரு எண் இருக்கிறது. பையன் பெயரைக் கேட்பதற்கு முன் அதைத்தான் கேட்கிறான்.